ஹைடெக் லேப் இருக்கிறது, ஆங்கில வாசிப்புக்கு மட்டும் ஏன் திறப்பதில்லை?

கொள்ளிடக்கரை | திங்கள், இரவு 9.40

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன், 11 வருடம் ஆகிறது. எங்கள் பள்ளியிலும் ஹைடெக் லேப் இருக்கிறது. பத்துக் கணினி, ஒரு புரொஜெக்டர், ஹெட்போன்கள். தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்த அதே ஆய்வகம்தான். அறிவியல் சார் வாரம் ஒரு முறையாவது பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறார். மொழிப் பாடக்காரர்கள் நாங்கள் மட்டும் வாசலோடு சரி.

போன வாரம் ஆசிரியர் அறையில் நேராகவே கேட்டேன், "வாசிப்புக்கு ஏன் நாம லேப்பைப் பயன்படுத்தக் கூடாது?" ஒருவர் போர்ஷன் முடியாது என்றார். இன்னொருவர் அது கம்ப்யூட்டர் சார் பார்க்கிற வேலை என்றார். தமிழாசிரியை சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது: "படிக்கிறதுக்கு எதுக்கு டீச்சர் கம்ப்யூட்டர்? புத்தகம் இருக்கே."

எட்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள். அதில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்ந்தாற்போல வாசிக்க வராது. ஒரு பீரியட் 40 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் வாசிக்கச் சொன்னாலே மணி அடித்துவிடும். ஒரு பிள்ளை என் காதுக்கு வாசித்துக் காட்டுவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் அரை நிமிடம். நீச்சல் பழகுகிற பிள்ளையை மாதத்தில் இரண்டு முறை தண்ணீரில் இறக்கினால் அது எப்போது நீந்தும்?

இங்கே இருக்கிற மொழி ஆசிரியர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். இரண்டாம் மொழி வாசிப்புக்குக் கணினி உதவும் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா?

---

சாக்பீஸ்தூள் | திங்கள், இரவு 10.25

31 ஆண்டு ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன். எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்குக் கணினி என்றால் பயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பயம் இல்லை, டீச்சர். பார்த்ததை மறக்காமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

டேப் ரெக்கார்டர் வந்தது, தொலைக்காட்சிப் பெட்டி வந்தது, சிடி வந்தது. கீழ் வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன. 2011-இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி வந்தது. 2018-இல் புதுப் பாடநூலில் கியூஆர் கோடு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக்குப் போனேன். எப்படி ஆன் செய்வது, எங்கே அழுத்துவது என்று காட்டினார்கள். 'ஐலண்ட்' என்ற சொல்லைப் பிள்ளை 'இஸ்லாந்து' என்று வாசித்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், அது இந்தப் பயிற்சியில் இல்லை என்றார்கள்.

வாசிப்பு என்பது பிள்ளையின் விரலும் கண்ணும் ஒரே வரியில் போவது. திரையில் அந்த விரலுக்கு இடம் இல்லை.

---

அளவுகோல் | செவ்வாய், காலை 7.10

கல்வியியல் கல்லூரியில் இருக்கிறேன். 'கணினி குறித்து ஆசிரியர் மனப்பான்மை' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் எம்.எட். ஆய்வேடுகள் என் மேசைக்கு வரும். கேள்வித்தாள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். லைக்கர்ட் என்ற உளவியலாளர் 1932-இல் போட்டுக் கொடுத்த ஐந்து படிகள், 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. 'கணினி கற்பித்தலுக்குப் பயனுள்ளது' என்று ஒரு வாக்கியம் இருக்கும். ஆசிரியர்கள் உடன்படுகிறேன் என்று குறித்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

வெளியிலும் இதே கதைதான். சிரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் அல்பிரினி என்பவர் கேட்டு 2006-இல் எழுதினார். கணினி மீது நல்ல எண்ணம் நிறையவே இருந்தது. கையில் திறன் குறைவு, பள்ளியில் வசதியும் குறைவு. சரி, வசதி இருந்தால் மாறிவிடுமா என்று பார்த்தால், அமெரிக்காவில் சிலிக்கான் பள்ளத்தாக்குப் பள்ளிகளைப் பார்த்து லாரி கியூபன் 2001-இல் எழுதியது கண்முன் நிற்கிறது. வசதிக்குப் பஞ்சமில்லாத அந்த இடத்திலேயே பெரும்பாலான ஆசிரியர்கள் பழைய முறையில்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பிரெட் டேவிஸ் 1989-இல் ஒரு மாதிரியைத் தந்தார். இது எனக்குப் பயன்படும், இது என்னால் கையாள முடியும் என்ற இரண்டு நம்பிக்கையும் இருந்தால்தான் ஒருவர் கருவியைத் தொடுவார் என்பது அதன் சாரம். நாம் பயிற்சி என்ற பெயரில் இரண்டாவதை மட்டும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சாக்பீஸ்தூள் சார் கேட்டது முதலாவதை. 'ஐலண்ட்' பிரச்சினைக்கு இது பயன்படுமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத வரை அவர் லேப்புக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. அவர் பக்கம்தான் நியாயம் என்பேன்.

---

தேக்கா_தமிழாசிரியர் | செவ்வாய், பிற்பகல் 1.15

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு ஆங்கிலம் எப்படியோ, இங்கே எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் அப்படி. பெயர் தாய்மொழிப் பாடம், வகுப்பில் நடப்பதோ இரண்டாம் மொழி கற்பித்தல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகம் பேசும் இந்தியர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வசதிக்கு எங்களுக்குக் குறைவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் எல்லாரிடமும் சொந்தக் கருவி இருக்கிறது, இணையக் கற்றல் தளம் 2018 முதல் நாடு முழுக்க இருக்கிறது. ஆனாலும் வாசிப்பு வகுப்பில் சக ஆசிரியர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தை ஒருநாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து புரிந்துகொண்டேன்.

உயர்நிலை முதலாம் வகுப்பில் ஒரு மாணவி திரையில் கதை வாசித்துக்கொண்டிருந்தாள். 'மரத்தடியிலிருந்து' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். சொல்லைத் தொட்டால் பொருள் வரும் என்று பழக்கியிருந்தோம். தொட்டாள். ஒன்றும் வரவில்லை. அகராதியில் 'மரம்' இருக்கிறது, 'அடி' இருக்கிறது, 'மரத்தடியிலிருந்து' இல்லை. அடுத்த வரியில் 'ஓடிக்கொண்டிருந்தார்கள்'. அதற்கும் இல்லை. மூன்றாவது சொல்லுக்குப் பிறகு அவள் தொடுவதை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒரு தாளை எடுத்து மரம், அடி, இல், இருந்து என்று பிரித்து எழுதினேன். "ஓ, அவ்வளவுதானா?" என்றாள்.

ஆங்கிலத்துக்காகச் செய்த உத்தியை அப்படியே தமிழுக்குத் தூக்கி வைத்தால் இப்படித்தான் ஆகும். நம் சொல் கொத்துக் கொத்தாக வருவது, அவிழ்த்துக் காட்ட ஆள் வேண்டும். அவிழ்த்துக் காட்டும் மென்பொருள் கிடைத்தால் எங்கள் ஆசிரியர்களில் தயங்குகிறவர் பாதியாகக் குறைந்துவிடுவார் என்பது என் கணிப்பு. அவர்கள் மறுத்தது கணினியை இல்லை, அந்த மாணவி மூன்று முறை ஏமாந்ததைத்தான்.

---

கொள்ளிடக்கரை | செவ்வாய், இரவு 9.05

தேக்கா ஆசிரியர் சொன்னதைப் படித்ததிலிருந்து அதே நினைப்புதான். எனக்கு இதன் மறுபக்கம் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் தொட்டால் பொருள் வந்துவிடும், அதுவும் தமிழிலேயே. ஒரு பையன் ஒரு பத்தியில் எல்லாச் சொல்லையும் தொட்டுத் தொட்டு முடித்தான். என்ன கதை என்று கேட்டேன். "தெரியலை மிஸ், ஆனா எல்லாத்துக்கும் அர்த்தம் பார்த்துட்டேன்" என்றான்.

---

அளவுகோல் | செவ்வாய், இரவு 9.50

அந்தப் பையன் மீது தவறில்லை, பத்தி அவனுக்கு மிகக் கடினம். ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் செய்த ஆய்வில், துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்க நூற்றுக்கு 98 சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. அதாவது 50 சொல்லுக்கு ஒரு புதுச் சொல். உங்கள் எட்டாம் வகுப்புப் பாடத்தில் 100 சொல் எண்ணி எடுத்து, தெரியாததை அடிக்கோடு போடச் சொல்லுங்கள். எத்தனை வருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு கணினியைப் பற்றிப் பேசுவோம்.

---

ஈராசிரியர்பள்ளி | புதன், காலை 6.30

தொடக்கப் பள்ளி, ஐந்து வகுப்புக்கு நானும் இன்னொரு டீச்சரும். லேப் எல்லாம் இல்லை. என் கைபேசிதான் கணினி.

நான் செய்தது ஒன்றே ஒன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஜூலையில் 60 சொல் உள்ள ஒரு பத்தியை வாசிக்க வைத்துக் குரல் பதிவு எடுத்தேன். திருத்தவில்லை, குறுக்கே பேசவில்லை. டிசம்பரில் அதே பத்தியைத் திரும்ப வாசிக்க வைத்தேன். அப்புறம் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன்.

ஒரு பெண் குழந்தை ஜூலைப் பதிவில் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றும் 'ஃப்ரெண்ட்' என்பதை 'பிரண்டு' என்றும் ஒவ்வொரு சொல்லாக முட்டி முட்டி வாசித்திருந்தாள். அதைக் கேட்டதும், "டீச்சர், அது நானா?" என்றாள். டிசம்பர்ப் பதிவு ஓடும்போது எழுந்து நின்றுவிட்டாள். அந்த முகத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் எனக்குக் காட்டியதில்லை.

ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே கைபேசியில் பிள்ளைகளின் மதிப்பீட்டை ஏற்றுவது, படம் எடுத்து அனுப்புவது, வருகைப் பதிவு எல்லாம் சேர்ந்தபோது எனக்கு அந்தக் கருவி மீதே வெறுப்பு வந்தது. சிக்னலுக்காக வகுப்பை விட்டு வேப்பமரத்தடிக்குப் போய் நிற்கிறேன். உள்ளே பிள்ளைகள் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியரின் மனப்பான்மை சரியில்லை என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் குரலைக் கேட்கக் கருவி தந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். மேலே கணக்குக் காட்டத் தந்தால் அது இன்னொரு பதிவேடு.

---

வாவிக்கரை | புதன், மாலை 4.45

மட்டக்களப்பில் ஆங்கில ரீச்சர். இங்கே நடந்தவற்றையும் சொல்கிறேன். எங்களிடமும் ஈ-தக்சலாவ என்ற அரசின் இணையக் கற்றல் தளம் இருக்கிறது, பாடநூல்கள் அதிலே உண்டு. கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் குரலாகப் பாடம் அனுப்பினோம். 2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு வந்தபோது அதுவும் நின்றது. அந்த நாட்களில் பாடசாலை நூலகத்தில் இருந்த பழைய கதைப் புத்தகங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. கடலுக்குப் போன அப்பா இரவு வந்த பிறகுதான் பிள்ளைக்கு போன் கிடைக்கும், புத்தகம் என்றால் பகல் முழுக்கக் கையில் இருக்கும்.

ஆகவே சாக்பீஸ்தூள் சேர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. பிஜித் தீவில் எல்லி, மங்குபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்ததை எங்கள் பயிற்சிக் காலத்தில் படித்தோம். கிராமத்துப் பாடசாலை வகுப்புகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை 250 வீதம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வழமையான பாடம் மட்டும் படித்த வகுப்புகளைவிட அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக முன்னேறினார்கள். 1983-இல் வந்த ஆய்வு. அங்கே கணினி ஒன்றுமே இல்லை.

---

கொள்ளிடக்கரை | வியாழன், இரவு 8.30

அளவுகோல் சார் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். நூறு சொல்லில் என் பிள்ளைகள் அடிக்கோடு போட்டது சராசரியாக 23. நன்றாகப் படிக்கிற பெண்ணே 9 போட்டிருந்தாள். இந்தப் பத்தியைப் புத்தகத்தில் கொடுத்தாலும் திரையில் கொடுத்தாலும் அது பிள்ளையின் தலைக்கு மேலேதான் போகும். இவ்வளவு காலம் இதை எண்ணாமல் விட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.

வாவிக்கரை ரீச்சர், 250 புத்தகத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் நூலக அலமாரியில் ஆங்கிலக் கதைப் புத்தகம் 14 இருக்கிறது. அதிலும் எட்டாம் வகுப்புக்கு எளிதானது நாலு.

---

அளவுகோல் | வியாழன், இரவு 9.15

அங்கேதான் உங்கள் பத்துக் கணினிக்கு வேலை. குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலையில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். திறந்த உரிமம், பதிவிறக்கி அச்சிட்டுக் கொடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைக்கிற கதைகள் நிறைய. பிள்ளை முதல்நாள் தமிழில் படித்துவிட்டு மறுநாள் ஆங்கிலத்தில் படித்தால், கதை தெரிந்த தைரியத்தில் சொல்லை ஊகிக்கும்.

திரையா தாளா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. நார்வேயில் ஆனி மாங்கன் குழுவினர் 72 பத்தாம் வகுப்பு மாணவர்களை வைத்துப் பார்த்து 2013-இல் எழுதினார்கள், தாளில் வாசித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். 2018-இல் டெல்காடோ குழுவினர் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தகவல் கட்டுரைகளில், அதிலும் நேரக் கெடு இருக்கும்போது, தாள் முந்தியது. கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கதையைத் திரையில் கொடுத்தாலும் பெரிய நட்டம் இல்லை. ஆனால் பத்துத் திரைக்கு 38 பிள்ளைகள் என்றால் அச்சிடுவதே நல்லது. ஒரு மவுஸுக்கு நாலு பேர் என்றால், மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் வேகம்தான் நாலு பேருக்கும்.

---

சாக்பீஸ்தூள் | வியாழன், இரவு 10.40

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். தொண்ணூறுகளில் நானும் ஒன்று செய்தேன். பாடத்தை என் குரலில் கேசட்டில் பதிந்து, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையில் போட்டுவிடுவேன். புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு கேட்பார்கள். இருமல் என்பதற்கு 'காஃப்', வழியாக என்பதற்கு 'த்ரூ', இரண்டிலும் கடைசியில் அதே ஓ-யு-ஜி-எச். எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் காது பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் ஓடியது. பிறகு டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்தது. பழுது பார்க்க எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அது அலமாரிக்குள் போனது, நானும் விட்டுவிட்டேன்.

டீச்சர், நீங்கள் செய்வதாக இருந்தால் வேறு யார் குரலும் வேண்டாம், உங்கள் குரலையே பதியுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த குரலாக இருக்கட்டும்.

---

கொள்ளிடக்கரை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.20

தாமதத்துக்கு மன்னிக்கவும், இடையில் பருவத் தேர்வு.

இரண்டாம் நிலைக் கதை நான்கை எடுத்து அச்சிட்டேன். கறுப்பு வெள்ளைதான், ஆளுக்கு ஒன்று என்று 38 படி. நான்கையும் வீட்டில் இரவு கைபேசியில் என் குரலில் மெதுவாகப் பதிந்தேன். ஒரு கதையை மூன்று தடவை பதிய வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டு நாய் விடவில்லை. பென்டிரைவில் போட்டுப் பத்துக் கணினியிலும் ஏற்றினேன்.

வகுப்பை இரண்டாகப் பிரிக்க முடியாது, இரண்டு அறையில் ஒருத்தி நிற்க முடியாதே. அதனால் 38 பேரையும் லேப்புக்கே அழைத்துப் போனேன். பத்துப் பேர் ஹெட்போன் மாட்டிக் கதையைக் கேட்டபடி தாளில் விரல் ஓட்ட வேண்டும். மற்றவர்கள் தரையில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவர் வாசிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றம். ஒலி ஓடத் தொடங்கியதும் மானிட்டர்களை அணைத்துவிட்டேன். அதுதான் அன்று நான் செய்த நல்ல காரியம். திரை எரிந்துகொண்டிருந்தால் கண் தாளுக்கு வராது என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

பின்வரிசைப் பையன் ஒருவன் ஹெட்போனைக் கழற்றாமலே சத்தமாகச் சொன்னான், "மிஸ், காதுக்குள்ள நீங்க பேசுறீங்க!" வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவனைத்தான் வருடம் முழுக்க வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். அன்று ஒரு பக்கத்தை மூன்று முறை திரும்பப் போட்டுக் கேட்டான். நான் அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு காலத்தில் வகுப்பு நேரத்தில் ஒரு பிள்ளை பக்கத்தில் நாலு நிமிடம் தொடர்ந்து உட்கார்ந்தது எனக்கு நினைவில் இல்லை. அவன் ஒரு வரி வாசித்தான். 'வாட்டர்' என்பதில் நின்றான், எனக்காகக் காத்திருக்காமல் கீபோர்டில் பிளே பட்டனை அழுத்தினான், கேட்டான், தானே சொன்னான்.

குறைகளும் உண்டு. தரையில் இருந்தவர்களில் ஆறேழு பேர் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கரண்ட் போனது, அன்று வெறும் தாளோடு நடத்தினோம், அது ஒன்றும் மோசமாக இல்லை. இன்னொரு நாள் ஏதோ இணையத் தேர்வு என்று லேப்பைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். தேர்வில் மதிப்பெண் கூடியதா என்று கேட்டால் இப்போதைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, மூன்று வாரம்தானே ஆகிறது.

"புத்தகம் இருக்கே" என்று சொன்ன தமிழாசிரியை வியாழக்கிழமை கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நேற்று என்னிடம் வந்து, ஆறாம் வகுப்பில் மூன்று பிள்ளைகள் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள், அவர்களுக்குத் தமிழ் எழுத்தே புதிது, ஒரு மணி நேரம் லேப் சாவி கிடைக்குமா, பதிவு செய்வது எப்படி என்று காட்டித் தருவீர்களா என்று கேட்டார். தேக்கா ஆசிரியர், நீங்கள் 'மரத்தடியிலிருந்து' பிரித்துக் காட்டியதை அவரிடம் சொன்னேன். அந்த மாதிரி பிரித்துப் பிரித்து வாசித்த பதிவு உங்களிடம் இருந்தால் அனுப்புவீர்களா?

இன்னொன்று. பத்து ஹெட்போனில் மூன்று ஒரு காதில் மட்டும்தான் கேட்கிறது, வயர் பிளக் பக்கத்தில் நைந்திருக்கிறது. சாக்பீஸ்தூள் சார் சொன்ன பெல்ட் கதை இங்கேயும் நடந்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. சால்டரிங் தெரிந்த யாராவது இதை வீட்டிலேயே ஒட்ட முடியுமா என்று சொல்லுங்கள். பள்ளி மானியத்தில் இதற்கு எந்தத் தலைப்பில் எழுதலாம் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

---

ஈராசிரியர்பள்ளி | ஞாயிறு, பகல் 12.05

டீச்சர், வயரைப் பிளக்குக்கு இரண்டு அங்குலம் மேலே வெட்டிவிட்டுப் புதுப் பிளக் வைத்தால் போதும். ஸ்பீக்கர் பழுது பார்க்கிற கடைகளில் செய்வார்கள். என் கணவருக்கு அந்த வேலை தெரியும். எந்த ஊர் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். உங்கள் நான்கு கதையின் ஒலிப்பதிவையும் எனக்கு அனுப்புங்கள், ஐந்தாம் வகுப்புக்குப் போட்டுப் பார்க்கிறேன். நாய் குரைக்கிற பதிவு என்றாலும் பரவாயில்லை.